மூன்று எக்ஸும் ஐந்தும்

மாலை ஆறரை மணிக்கு அட்டைப்பெட்டி ஆலையின் வேன் தெருமுனையில் வந்து நிற்கும். இறங்குகிற எட்டுப் பெண்களில் ஏழு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பார்கள். எட்டாவது ஆள் மட்டும் ஓட்டமும் நடையுமாகப் போவாள். "அப்படி யாருடி வீட்ல காத்துட்டிருக்கான்? எங்களுக்கும்தான் சொல்லேன்" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். வீட்டில் காத்துக்கொண்டிருந்தது தங்கையின் கணக்கு நோட்டு. அதைச் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

அவளுக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் பெரியவள் என்று கூப்பிடுவார்கள். தங்கைக்கு வாலு என்று பெயர். குறும்பால் வந்த பெயரில்லை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அக்காவின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிந்ததால் வந்தது.

பெரியவள் பத்தாவது படித்தபோது, பெயின்டரான அப்பா மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். பொதுத்தேர்வுக்கு அப்போது இரண்டே மாதம். இடுப்பெலும்பு நொறுங்கி அவர் படுத்த படுக்கையானார். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அம்மா துணி வெளுத்துக் கொண்டுவருவதில் நான்கு வயிறு நிறையவில்லை. "இந்த வருஷம் போகட்டும்மா, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றாள் அம்மா. பொய் சொல்லவில்லை, அவள் அப்படித்தான் நினைத்தாள். அந்த அடுத்த வருஷம் ஏழு தடவை வந்து போய்விட்டது. அப்பா தேறி, கோலூன்றி நடந்து, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் காவலுக்கு உட்காரும் அளவுக்கு ஆனார். பெரியவள் மட்டும், அட்டையில் மடிப்புக்கோடு அழுத்தும் மெஷின் முன்னால் நின்றது நின்றதுதான்.

வாலு ஏழாவது வந்த வருடம் ஒருநாள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தந்தையின் வயது மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அது இரண்டு மடங்காகும். இருவரின் வயது என்ன? பெரியவள் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான்கே வரி. தந்தைக்கு முப்பத்தாறு, மகனுக்குப் பன்னிரண்டு. வாலுவின் அழுகை நின்றது. கட்டிலில் படுத்திருந்த அப்பா, "அந்த அப்பன் கொடுத்து வெச்சவன். வருஷம் போகப்போக மடங்கு குறையுது. எனக்கு வலி மடங்காயிட்டே போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு இருவரும் உட்காருவார்கள். பெரியவள் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்கைப் போடுவாள். வாலு அதை நோட்டில் மையால் அழகாகப் பார்த்தெழுதுவாள். அவளுடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வட்டம் வரைந்தால் அச்சில் வார்த்தது போலிருக்கும். நாள் முழுக்க அட்டை விளிம்பு அறுத்த பெரியவளின் விரல்களில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். பென்சிலை அழுத்தினால் எரியும். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் அவளுக்கு எரிச்சலே தெரியாது. ஓர் எக்ஸை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளி, கூட்டலைக் கழித்தலாக்கி, தேவையில்லாததையெல்லாம் ஒவ்வொன்றாய் உதிர்த்து, கடைசியில் ஓர் எண் மட்டும் தனியாக நிற்கும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று அமைதியாகும். வடிவியல் என்றால் இன்னும் குஷி. முக்கோணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எங்கே ஒரு கோடு போட்டால் அது வாயைத் திறக்கும் என்று கண்டுபிடிப்பதில் பசிகூட மறந்துவிடும்.

ஒன்பதாவதுவரை யாரையும் தேறவில்லை என்று நிறுத்தாத பள்ளி என்பதால் இப்படியே மூன்று வருடம் ஓடியது. வாலு பத்தாவதுக்கு வந்தாள். பள்ளிக்குப் புதிதாக ஒரு கணக்கு டீச்சர் வந்தார்.

வந்த இரண்டாவது மாதமே வீட்டிலிருந்து யாராவது வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அப்பாவால் பள்ளியின் படிகளில் ஏற முடியாது. பெரியவள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனாள்.

ஆசிரியர் அறையில் டீச்சர் மட்டும்தான் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். புடவை முந்தானையில் சாக்பீஸ் தூள். முன்னால் இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மேஜைமேல் இரண்டு பொருள்களை எடுத்து வைத்தார். ஒன்று வீட்டுப்பாட நோட்டு. இன்னொன்று வகுப்பில் வைத்த தேர்வின் விடைத்தாள்.

"இந்த நோட்டு நம்ம வகுப்புலயே முதல் நோட்டு. ஒரு தப்பு கிடையாது. இந்தத் தாளப் பாருங்க."

பெரியவள் பார்த்தாள். கேள்விகளையெல்லாம் வாலு முத்து முத்தாக எழுதியிருந்தாள். படங்களை அளவு பிசகாமல் வரைந்திருந்தாள். அவற்றுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கணக்கை மட்டும் முயன்று பார்த்திருந்தாள். 3x + 5 = 20. அடுத்த வரியில், 8x = 20. அதற்கடுத்த வரியில் 'ஆகவே' என்று எழுதி நிறுத்தியிருந்தாள்.

"மூணு எக்ஸையும் அஞ்சையும் கூட்டி எட்டு எக்ஸ்னு எழுதற பொண்ணு, வீட்டுல இவ்வளவு பெரிய கணக்கெல்லாம் எப்படிப் போடறான்னு யோசிச்சேன். யாரு போடறாங்க?"

"நான்தான் டீச்சர்."

டீச்சர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்திருந்தாள். டீச்சர் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார். செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் நடுப்புள்ளி மூன்று உச்சிகளிலிருந்தும் சமதூரத்தில் இருக்கும் என நிறுவுக.

"இத நான் போர்டுல பன்னண்டு வரியில போட்டேன். கோட்ட நீட்டி, ரெண்டு முக்கோணம் சர்வசமம்னு காட்டி, வழக்கமான வழியில. இதுல மூணே வரி. கர்ணத்த விட்டமா வெச்சு ஒரு வட்டம் போட்டு, செங்கோணம் வட்டத்துமேலதான் இருக்கும், அதனால மூணும் ஆரம், முடிஞ்சுது. இது எந்தப் புத்தகத்துல பார்த்தீங்க?"

"புத்தகம் எதுவும் பார்க்கல டீச்சர். பார்த்துட்டே இருந்தேன், வட்டம் தெரிஞ்சுது."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளை நன்றாகப் பார்த்தார். "என்ன படிச்சீங்க?"

"பத்தாவது. எழுதல."

அதைச் சொல்லும்போது பெரியவளுக்குத் துக்கமே வரவில்லை. ஏழு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அவளுடைய கணக்கைப் பார்த்து வியந்திருக்கிறார். உடம்பெல்லாம் குப்பென்று ஒரு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி நெஞ்சிலிருந்து முகத்துக்கு வருவதற்குள் கண் அந்த விடைத்தாளில் பட்டது. 'ஆகவே' என்ற சொல்லுக்குப் பிறகு வெறும் தாள். தான் பூரித்துப்போயிருப்பதை டீச்சர் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும், மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம்போல் இருந்தது.

டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார். "நீங்க ரொம்ப நல்லாப் போடறீங்கம்மா. ஆனா பரீட்சையில உங்களால உட்கார முடியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே ஒன்றும் கண்ணில் படவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு நாள்தான் மனதில் வந்து நின்றது. வாலு பென்சிலைக் கையில் எடுத்து, "அக்கா, இத நான் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். அன்றைய கணக்கு கொஞ்சம் சிக்கலானது. வேனில் வரும்போதே அதற்காக ஏங்கிக்கொண்டு வந்திருந்தாள் பெரியவள். "நாளைக்கு நீ போடு, இன்னைக்கு நான் போட்டுடறேன்" என்று பென்சிலை வாங்கிக்கொண்டாள். மறுநாள் வாலு கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவே இல்லை. கேட்காதது பெரியவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. தங்கைக்கு உதவி செய்கிறோம் என்று ஊருக்கும் தனக்கும் சொல்லிக்கொண்டு, அவளுடைய தட்டிலிருந்து தினமும் எடுத்துத் தின்றிருக்கிறோம் என்று அந்த பஸ்ஸில்தான் அவளுக்கு உறைத்தது.

அன்று மாலையே ஆரம்பித்தாள். பென்சிலை வாலுவின் கையில் கொடுத்து, "இனிமே நீதான் போடணும். நான் கைவெக்க மாட்டேன்" என்றாள். வாலு தலையாட்டினாள். அதே கணக்கு. மூன்று எக்ஸும் ஐந்தும் இருபதுக்குச் சமம்.

"அக்கா, கோபப்படாம ஒண்ணு சொல்லுவியா?"

"கேளு."

"எக்ஸுன்னா என்னக்கா?"

பெரியவள் நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று வருடமாக எத்தனை ஆயிரம் எக்ஸை இந்தப் பிள்ளை பார்த்தெழுதியிருக்கும்!

"தெரியாத ஒரு எண்ணு."

"தெரியாதத எப்படிக்கா மூணால பெருக்கறது?"

எழுதிக் காட்டினாள். பெட்டி வரைந்து, பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள் என்றாள். வாலு புரிந்ததுபோல் தலையாட்டுவாள். அடுத்த கணக்கில் மறுபடி எட்டு எக்ஸ் வந்து நிற்கும். பெரியவளுக்கு இது எப்போதும் ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. மூச்சு விடுவது எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது? இரண்டாவது வாரம் அவள் குரல் உயர்ந்தது. மூன்றாவது வாரம் ஒருநாள், "எத்தன தடவ சொல்றது, மரமண்ட!" என்று வாலுவின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கிவிட்டாள். வாலு அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா கட்டிலிலிருந்து, "பெரியவளே, நீ எழுந்து போய் முகத்தக் கழுவிட்டு வா" என்றார். அவர் அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. டீச்சரும் பள்ளி விட்ட பிறகு வாலுவை உட்காரவைத்துப் பார்த்தார். மூன்று வருடப் பள்ளம் ஆறு மாதத்தில் தூருமா?

பொதுத்தேர்வில் மற்ற பாடங்களில் வாலு தேறினாள். கணக்கில் பத்தொன்பது.

மதிப்பெண் தாளை வாங்கப் போன அன்று, டீச்சர் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டார். "நாலு மாசத்துல மறுதேர்வு வருது. இவ கணக்க மட்டும் எழுதட்டும். நீங்களும் தனியா விண்ணப்பிச்சு எல்லாத்தையும் எழுதுங்களேன். ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தா இவளுக்கும் தைரியமா இருக்கும்."

பெரியவள் வேண்டாம் என்றாள். வாலுதான் பிடிவாதம் பிடித்தாள். படிவத்தை வாங்கி வந்து, அக்காவின் பெயரையும் பிறந்த தேதியையும் தன் முத்துக் கையெழுத்தில் தானே நிரப்பினாள். அந்த நான்கு மாதமும் பெரியவள் கோபப்படவில்லை. பென்சிலைப் பிடுங்கவில்லை. வாலு ஒரு கணக்குக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் கைகளைக் கட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் 3x + 5 = 20 என்பதற்கு வாலு தானாகவே ஐந்து என்று விடை எழுதினாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். புரியாவிட்டாலும் பார்த்தாள்.

முடிவு வந்த நாளில் இருவரும் தெருமுனை செல்போன் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் முதலில் பெரியவளின் தேர்வு எண்ணைப் போட்டார். எல்லாவற்றிலும் தேர்ச்சி, கணக்கில் தொண்ணூற்றேழு. வாலு கடை அதிரக் கத்தினாள். "அண்ணே, எங்கக்கா தொண்ணூத்தேழு! பாருங்கண்ணே! மெஷின்ல நின்னுக்கிட்டே படிச்சா!" சார்ஜர் வாங்க வந்திருந்த பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு கடைக்காரர் வாலுவின் எண்ணைப் போட்டார். திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

இருபத்தெட்டு. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும்.

வீடு திரும்பும் வழியில் பெரியவள் தலையைக் குனிந்தபடி நடந்தாள். வாலுதான் அவளுடைய கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு வந்தாள். "பத்தொன்பதுலேர்ந்து இருபத்தெட்டு. பரவால்லல்ல?"

"உன்ன நான் கெடுத்துட்டேன்டி" என்றாள் பெரியவள். நடுத்தெருவில் குரல் உடைந்தது. "அன்னைக்கே உன் கையில பென்சிலக் குடுத்திருக்கணும்."

வாலு அவள் கையை விடவில்லை. "நானும்தான் கேட்கலயே. எனக்குத் தெரியும்க்கா, நான் கத்துக்கலன்னு. ஆனா வேலைலேர்ந்து வந்தா நீ யார்கிட்டயும் பேசமாட்ட. செவுத்தப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்ப. அந்த நோட்ட எடுத்து வெச்சா மட்டும் உன் மூஞ்சியே மாறிடும். வாய்க்குள்ள ஏதோ பாடிட்டே எழுதுவ. நான் கணக்கயா பார்த்தேன்? உன்னத்தான் பார்த்துட்டிருந்தேன்."

பெரியவள் நின்றுவிட்டாள். எதிரே வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிக்கொண்டு விலகிப் போனார். பன்னிரண்டு வயதிலிருந்து இந்தப் பிள்ளை தனக்கு என்ன கொடுத்துக்கொண்டிருந்தது என்பது தெரியாமலே இத்தனை நாளும் வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது தெரிந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் வழியில்லை.

தொண்ணூற்றேழு விஷயத்தை வேன் பெண்களிடம் வாலுவே போய்ச் சொல்லிவிட்டாள். அது ஆலை மேலாளர் காதுவரை போயிற்று. மாடியில் பெட்டிகளின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் வரைகிற அறையில் ஓர் ஆள் தேவைப்பட்டது. பத்தாவது தேறியிருக்க வேண்டும், கணக்கு வரவேண்டும். பெரியவளைக் கூப்பிட்டார்கள். எட்டு வருடம் நின்ற கால்களுக்கு முதல்முறையாக நாற்காலி கிடைத்தது. கீழே அவள் நின்ற மெஷின் காலியானது.

"தங்கச்சி வீட்ல சும்மாதானே இருக்கு? வரச் சொல்லேன்" என்றார் சூப்பர்வைசர்.

பெரியவள் முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் மாடி வேலையை முடித்துவிட்டு அவள் வருவதற்குள் வேன் பெண்கள் மூலம் செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. வாலு சரி என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"இன்னொரு தடவ எழுதலாம்டி. ஏழு மார்க்குதான்."

"அக்கா, அந்த நோட்டப் பார்த்தாலே எங்கயாவது ஓடிடலாம்போல இருக்கு. என்ன விட்டுடு." அதில் கோபம் இல்லை. களைத்துப்போனவள் பேச்சாக இருந்தது. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த வருஷம் எழுதிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

வாலு வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், ஒரு புதுப் பெட்டியின் மடிப்பு சரியாக விழவில்லை என்று சூப்பர்வைசர் மாடிக்குச் சொல்லி அனுப்பினார். பெரியவள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். மெஷின் இரைச்சலும் பசை வாடையும் அவளுக்குப் பழகியவைதான். வாலு ஈரத்துணியால் விரலைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். பெரியவள் கோணமானியை வைத்து அளந்து பார்த்தாள். மூலையில் நாற்பத்தைந்து டிகிரி இருக்கவேண்டிய கோடு நாற்பத்தேழாக விழுந்திருந்தது. அட்டையை நிறுத்திப் பிடிக்கும் தாங்கியை நகர்த்தி வைக்கச் சொன்னாள். அடுத்த அட்டை கச்சிதமாக மடங்கியது.

சூப்பர்வைசர் சந்தோஷமாகிவிட்டார். நல்ல மனுஷர்தான்; வாய்தான் கொஞ்சம் நீளம். வாலுவைப் பார்த்து, "ஏம்மா, ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா. அக்காவுக்கு இருக்கற மூளையில கால்வாசி உனக்கு வந்திருக்கக் கூடாதா?" என்றார். பக்கத்து மெஷின் பெண்கள் சிரித்தார்கள். வாலுவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

"அவளோட வீட்டுப்பாடத்த எல்லாம் நான் போட்டுட்டேன் சார்" என்றாள் பெரியவள். "மூணு வருஷம். ஒண்ணுகூட விடாம. அதான்."

அவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து டீச்சரயே ஏமாத்தியிருக்காங்க பாரு!" என்று ஒருத்தி கைதட்டினாள். பெரியவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

வாலு சிரிப்பை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தாள். "மேல போக்கா, வேலை கிடக்கும்ல" என்றாள் தணிந்த குரலில். பிறகு அடுத்த அட்டையை எடுத்து, விளிம்பு விரலில் படாதபடி பார்த்துப் பிடித்து, மெஷினுக்குள் கொடுத்தாள்.